டவுன்டவுனை மீட்க நினைக்கும் பத்துப் பேருக்கு

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒரு சிறு ஊர். 1890களில் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் கட்டடங்கள் இருபுறமும் வரிசையாக நிற்கிற கடைத்தெரு, அதைத்தான் டவுன்டவுன் என்கிறார்கள். மூன்றில் ஒரு கடை பூட்டிக் கிடக்கிறது. அங்கே குடியேறிய தமிழர் ஒருவரும் ஊர்க்காரர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழு தொடங்கியிருக்கிறார்கள். கையில் பணம் அதிகமில்லை. முதலில் முகப்புகளுக்கு வண்ணம் அடிப்பதா, விழா நடத்துவதா? கூப்பிட்டால் பதிலே சொல்லாத கட்டட உரிமையாளர்களை என்ன செய்வது? சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டுமா? தெருவைக் கார் போகாத நடைவீதியாக மாற்றிவிடலாமா?

மிட்வெஸ்ட் என்கிற அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இதே மாதிரி ஓர் ஊரில் இதே மாதிரி ஒரு குழுவில் ஒன்பது வருடம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் வேண்டாம். முதல் மூன்று மாதம் பிரஷ்ஷையும் தொடாதீர்கள், மேடையும் போடாதீர்கள். தெருவில் இருக்கிற ஒவ்வொரு கதவையும் தட்டிப் பேசுங்கள். உங்களிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் ஊர்க்காரர் என்கிற உரிமையில் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்க உங்களால் முடியும். சிட்டி ஹாலில் இருந்து ஒருவர் போய் இதே கேள்வியைக் கேட்டால் வரி, அபராதம் என்று பயப்படுவார்கள். ரியல் எஸ்டேட்காரர் கேட்டால் விலை பேச வந்திருக்கிறார் என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்பதால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். முதல் வருடம் வசந்தத்தில் பூந்தொட்டிகள் வாங்கினோம், இலையுதிர் காலத்தில் விழா நடத்தினோம். நல்ல கூட்டம். ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. மறுநாள் காலை தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது செருப்புக்கடைக்காரர் வெளியே வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். வருடத்திலேயே மோசமான சனிக்கிழமை அவருக்கு நேற்றுதான் என்றார். தற்காலிகக் கழிப்பறை நான்கையும் அவர் கண்ணாடிக்கு எதிரே வரிசையாக வைத்திருந்தோம். சோளம் வறுக்கிற வண்டி அவர் வாசற்படியை மறித்து நின்றிருந்தது. இடம் குறித்தவன் நான்தான். அவரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். இந்தத் தெருக்கள் ஏன் காலியாயின என்பது தெரியாவிட்டால் தப்பான மருந்தைத்தான் கொடுப்போம். 1956இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அந்த வருடம்தான் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிசெய்த கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. அதே வருடம் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் திறந்தது. முழுக்கக் கூரை மூடி, குளிரோ வெயிலோ தெரியாதபடி அமைத்த முதல் மால் என்று அதைச் சொல்வார்கள். ஊருக்குள் வந்துபோன வண்டிகள் பைபாஸில் போயின, பெரிய கடைகள் பைபாஸ் ஓரத்துக்கு நகர்ந்தன. டவுன்டவுன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மாலைப் பார்த்து மால் மாதிரியே ஆக முயன்றார்கள். பழைய செங்கல் முகப்பின்மேல் அலுமினியத் தகடு அடித்தார்கள், உள்ளே பொய்க்கூரை இறக்கினார்கள், பக்கத்துக் கட்டடத்தை இடித்து பார்க்கிங் போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மாலிடம் இல்லாத ஒன்று இந்தத் தெருவிடம் இருந்தது, அதைத்தான் மூடி மறைத்தார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமாக யோசித்தவர்களில் முக்கியமானவர் மேரி மீன்ஸ். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையின் மிட்வெஸ்ட் அலுவலகத்தில் இருந்தவர். 1977இல் அவர் தலைமையில் மூன்று ஊர்களில் ஒரு சோதனை தொடங்கியது: இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோடாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒன்று ரயில்வே ஊர், ஒன்று ஒஹையோ ஆற்றங்கரை ஊர், ஒன்று மணற்கல் கட்டடங்கள் கொண்ட மலையடிவார ஊர். மூன்றிலும் மூன்று வருடம் வேலை பார்த்துக் கற்றதை வைத்து 1980இல் தேசிய மெயின் ஸ்ட்ரீட் மையத்தை நிறுவினார்கள். இன்று அதன் பெயர் மெயின் ஸ்ட்ரீட் அமெரிக்கா. உங்கள் மாநிலத்திலும் அதன் ஒருங்கிணைப்பு அலுவலகம் இருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சியும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும், முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

அவர்கள் வகுத்தது நான்கு கால் மேசை மாதிரி: அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதாரம். அமைப்பு என்றால் ஆள், பணம், கமிட்டி. விளம்பரம் என்றால் விழாவும் விற்பனையும் ஊரின் பெயரும். வடிவமைப்பு என்றால் கட்டடம், பலகை, தெருவிளக்கு. பொருளாதாரம் என்றால் எந்தக் கடை ஓடும், யாருக்கு விற்கும், மாடியில் என்ன வைக்கலாம் என்கிற கணக்கு. நான்கும் ஒரே நேரத்தில் நகர வேண்டும், ஒவ்வொன்றும் சின்னச் சின்ன அடியாக நகர வேண்டும் என்பதுதான் மூன்று ஊர்களும் கற்றுத்தந்தது. தன்னார்வலர்களுக்கு முதல் மூன்றும் பிடிக்கும். நான்காவதைத் தொட யாருக்கும் ஆசை வராது, ஏனென்றால் அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை.

அப்புறம், கதவைத் தட்டச் சொன்னேனே, அந்த மூன்று மாதம். இரண்டு இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். கடைக்குள்ளே நோட்டை எடுக்காதீர்கள், வெளியே வந்தபிறகு எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள். கட்டடம் யாருடையது, கடை யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது, மாடியில் என்ன இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, கடைக்காரருக்கு என்ன வயது, அவருக்குப் பிறகு யார். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் அடுத்த ஐந்து வருடத்தில் ஆறு கடைகள் மூடப்போகின்றன என்பது இந்தத் தாள்களை மேசையில் பரப்பி வைத்தபோதுதான் தெரிந்தது. ஆறில் ஒன்றுகூட நஷ்டத்தில் ஓடவில்லை. எல்லா முதலாளிகளுக்கும் எழுபதை நெருங்குகிற வயது, பிள்ளைகள் வேறு ஊரில். புதுக் கடையை வெளியிலிருந்து அழைத்து வருவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் கடையை அதில் வேலை பார்க்கிற ஒருவர் கைக்கு மாற்றுவது எவ்வளவோ சுலபம். அப்படி இரண்டு கடைகளைக் கைமாற்றினோம். ஒன்பது வருடத்தில் நாங்கள் செய்ததில் உருப்படியானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். விழாவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

பழைய கட்டடங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள சான்பார்ன் வரைபடங்களைப் பாருங்கள். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏராளமானவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக்கட்டடத்துக்கு மஞ்சள் என்று நிறம் கொடுத்து, எத்தனை மாடி, கீழே என்ன கடை என்பதுவரை குறித்திருப்பார்கள். ஒரு கட்டட உரிமையாளரிடம் "1900 வாக்கில் உங்கள் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா?" என்று ஒரு படத்தை நீட்டினால், அரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார். வாடகை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

பதிலே சொல்லாத உரிமையாளர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கவுண்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்துப் பதிவேட்டில் பெயரும் வரி ரசீது போகிற முகவரியும் இருக்கும். உரிமையாளர் ஒரு நிறுவனம் என்றால், அதன் சார்பில் தபால் வாங்கும் பொறுப்பாளர் யார் என்பது மாநிலப் பதிவேட்டில் கிடைக்கும். எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய கட்டடத்தின் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் இருந்த எண்பது வயது அம்மா. நான்கு கடிதத்துக்குப் பதில் இல்லை. எல்லாவற்றிலும் "உங்கள் கட்டடம் ஊருக்கு அவமானமாக இருக்கிறது" என்ற தொனி இருந்தது, எழுதியது எங்கள் ஆள்தான். ஐந்தாவதாக, எங்கள் குழுவில் மூத்த பெண்மணி ஒருவர் அந்தக் கட்டடத்தின் பழைய தபால் அட்டைப் படத்தை மட்டும் வைத்து, தான் சிறுமியாக அங்கே வந்து துணி வாங்கியதை நான்கு வரி எழுதி அனுப்பினார். ஒரு வாரத்தில் போன் வந்தது. அது அந்த அம்மாவின் அப்பா நடத்திய கடை. விற்க மனமில்லை, சரிசெய்யப் பணமில்லை, வாடகைக்கு விட்டால் என்ன தொந்தரவு வருமோ என்று பயம். அவ்வளவுதான் விஷயம்.

பூட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் கட்டடத்தை அடமானம் வைத்திருப்பார்கள், குறைந்த வாடகைக்கு விட்டால் கட்டடத்தின் மதிப்பே குறைந்ததாக வங்கி கணக்குப் போட்டுவிடும். அவர்களுக்கு மாத வாடகையைக் குறைப்பதைவிட முதல் சில மாதங்களை இலவசமாகத் தருவது தோதுப்படும், அதைக் கேட்டுப் பாருங்கள். சிலர் எப்போதாவது விலை ஏறும் என்று காத்திருப்பார்கள். சிலருக்கு அது வெறும் கிடங்கு. இவர்களிடம் கெஞ்சுவதில் பயனில்லை. ஊரின் குறைந்தபட்சப் பராமரிப்பு விதிகளை எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தச் சொல்லி நகர மன்றத்தை நெருக்குவதுதான் வழி. ஆனால் அந்த வேலையைக் குழுவின் பெயரில் செய்யாதீர்கள். கதவைத் தட்டுகிறவரும் அபராதம் போடச் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அடுத்த கதவு திறக்காது.

இப்போது கட்டடம். வண்ணம் அடிக்கலாமா என்றால், ஏற்கெனவே வண்ணம் பூசிய மரம், இரும்பு, தகடு மேல் அடிக்கலாம், அதுவும் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. 1978க்கு முந்தைய பூச்சு என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், சுரண்டும் வேலையைத் தன்னார்வலர்கள் கையில் கொடுக்காதீர்கள். இதுவரை வண்ணமே காணாத செங்கல்லில் அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் ஆயுள் முழுக்க அடிக்க வேண்டும்.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய யாராவது மலிவாக முன்வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். சூளையில் வெந்த செங்கல்லுக்கு ரொட்டியின் மேல்தோல் மாதிரி கெட்டியான வெளிப்புறம் உண்டு. மணல் அதை உரித்துவிடும். உள்ளே இருக்கிற மென்மையான பகுதி தண்ணீரைக் குடிக்கும், குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், செங்கல் பொரிந்து உதிரும். செங்கல் இடுக்குகளைச் சிமென்டு வைத்துப் பூசி அடைத்தாலும் இதே கதிதான். பழைய மென்மையான செங்கல்லுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருத்தம். சுவர் விரிந்து சுருங்கும்போது நெரிபட வேண்டியது இடையில் உள்ள சாந்து. சாந்து செங்கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் செங்கல் உடையும். எங்கள் தெருவின் கிழக்கு மூலையில் ஒரு கட்டடம் இருக்கிறது. சிமென்டுக் கோடுகள் தேன்கூட்டுச் சட்டம் மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் ஒரு விரல் ஆழம் குழிந்து போயிருக்கும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு தன்னார்வலரையும் அங்கே கூட்டிப்போய் அந்தக் குழியில் விரலை வைக்கச் சொல்வேன்.

கடைமுகப்பு என்பது ஒரு யந்திரம். அதைப் புரிந்துகொண்டால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாக விளங்கும். கீழே காலடி படுகிற பலகைத் தடுப்பு. அதன்மேல் பெரிய காட்சிக் கண்ணாடி. நடுவில் உள்வாங்கிய வாசல், மழையில் நனையாமல் நின்று சரக்கைப் பார்க்க. கண்ணாடிக்கு மேலே ஒரு வரிசை சிறு கண்ணாடிகள். அந்த மேல்வரிசைதான் பாதிக் கடைகளில் ஒட்டுப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். மின்விளக்கு சரியாக வராத காலத்தில் வெளிச்சம் பின்சுவர்வரை போக அந்த மேல்வரிசைதான் வழி. 1890களின் இறுதியில் லக்ஸ்ஃபர் நிறுவனம் அதற்கென்றே பட்டைதீட்டிய கண்ணாடிச் சதுரங்களை விற்றது. மேலிருந்து விழுகிற வெளிச்சத்தை வளைத்துக் கடைக்குள்ளே அனுப்பும். ஒரு கடையில் பொய்க்கூரையின் நான்கு ஓடுகளைத் தூக்கிப் பார்த்தோம். புழுதிக்குள் அந்தக் கண்ணாடி ஊதா சாயலோடு அப்படியே இருந்தது. வெளிப்பக்கத்து ஒட்டுப்பலகையைக் கழற்றிய அன்று மதியம் கடையின் பின்கோடியில் இருந்த அலமாரியில் வெயில் விழுந்தது. கடைக்கார அம்மா விளக்கை அணைத்துப் பார்த்தார், திரும்பப் போட்டார், மறுபடியும் அணைத்தார்.

கட்டடத்தின் மேல்பகுதியில் பூ வேலைப்பாட்டோடு தகடு இருந்தால் கவனமாகப் பாருங்கள். செயின்ட் லூயியின் மெஸ்கர் பிரதர்ஸ், எவன்ஸ்வில்லின் ஜார்ஜ் மெஸ்கர் ஆகிய இரண்டு நிறுவனங்கள் முழு முகப்பையே விலைப்பட்டியல் மூலம் விற்று ரயிலில் அனுப்பின. வார்ப்பிரும்புத் தூண், மேலே அழுத்திய தகடு. சிறு ஊர்க் கடைக்காரரும் பெருநகர முகப்பு வைத்துக்கொள்ள அது வழி செய்தது. தூணின் அடிப்பகுதியைப் பாருங்கள், வண்ணத்துக்குக் கீழே நிறுவனத்தின் பெயர்ப்பட்டை இருக்கலாம்.

அலுமினியத் தகடுகளைக் கழற்றும்போது ஆர்வக்கோளாறு வேண்டாம். சில இடங்களில் உள்ளே வளைவு ஜன்னலும் பழைய விளம்பர எழுத்தும் முழுசாக இருக்கும். சில இடங்களில் தகட்டைச் சமமாகப் பொருத்துவதற்காகத் துருத்திய வேலைப்பாடு எல்லாவற்றையும் சுத்தியலால் உடைத்து எறிந்திருப்பார்கள். ஒரு ஓரத் தகட்டை மட்டும் நெகிழ்த்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிற்காலத்தில் ஒட்டியது எல்லாமே குப்பை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1930களில் பதித்த கறுப்புக் கண்ணாடி முகப்பு இன்று தன்னளவிலேயே ஒரு வரலாறு, அதைப் பெயர்த்தால் மாநிலத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகம் சண்டைக்கு வரும். வரவும் வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் தெரு, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு வரலாற்றுப் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதற்கு விண்ணப்பிப்பது தன்னார்வலர்கள் செய்யக்கூடிய மிக நல்ல வேலை. "பதிவேட்டில் ஏறினால் என் கட்டடத்தில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது" என்று உரிமையாளர்கள் பயப்படுவார்கள். வெறும் அந்தப் பதிவு, அவர் தன் சொந்தப் பணத்தில் செய்வதைத் தடுக்காது. தடுப்பது ஊர்ச் சட்டம், அது தனி. பதிவேட்டில் உள்ள, வருமானம் தருகிற கட்டடத்தை முறைப்படிச் சீரமைத்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச் சலுகை. 2017இல் சட்டம் மாறியதிலிருந்து அது ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கிடைக்கிறது. பல மாநிலங்கள் தங்கள் பங்குக்கும் தருகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. செலவு, பொதுவாக 24 மாதத்துக்குள், கட்டடத்தின் திருத்திய அடக்கவிலையை (வாங்கிய விலையோடு மேம்பாட்டுச் செலவைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்த தொகை) தாண்ட வேண்டும் அல்லது 5,000 டாலரைத் தாண்ட வேண்டும், இரண்டில் எது அதிகமோ அது. நிலத்தின் விலை இந்தக் கணக்கில் சேராது. கேட்டதும் உரிமையாளர்கள் மலைத்துப்போவார்கள். ஆனால் முப்பது நாற்பது வருடமாகக் கட்டடத்தை வைத்துத் தேய்மானம் கழித்து வந்தவருக்கு அந்த அடக்கவிலை மிகக் குறைவாகத்தான் இருக்கும். கூரையும் மின்கம்பியும் மாற்றினாலே தாண்டிவிடலாம். அவருடைய கணக்காளரைக் கூப்பிட்டு இந்த ஒரு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவதற்கு முன்னால் வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆர்வத்தில் ஜன்னலைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டுச் சலுகையை இழந்தவர்கள் உண்டு.

சலுகையைவிடப் பெரிய பணம் மாடியில் இருக்கிறது. இந்தத் தெருக்களின் மேல்மாடிகள் புறா குடியிருக்க விட்ட இடங்கள். கீழ்க்கடை வாடகையை மட்டும் வைத்து நூறு வயதான ஒரு கட்டடத்தைத் தாங்க முடியாது. மேலே இரண்டு வீடுகள் வந்தால் கீழ்க்கடைக்கு வாடகையைக் குறைக்கலாம், இரவு தெருவில் விளக்கும் எரியும். தடையாக நிற்பது பெரும்பாலும் இரண்டாவது படிக்கட்டு, தீத்தடுப்பு, அதற்கான செலவு. அடுத்தடுத்த இரண்டு கட்டட உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே படிக்கட்டைப் பொதுவாக வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் அவர்களின் அப்பாக்கள் காலத்துச் சண்டை ஒன்று குறுக்கே இருந்தது. தீர்த்து வைக்க இரண்டு வருடமும் கணக்கில்லாத காபியும் ஆயின.

சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா? முடிந்த சீக்கிரம் வையுங்கள், பகுதி நேரமானாலும். 1977இன் மூன்று ஊர்களிலும் முழு நேர மேலாளர் ஒருவர் இருந்தார். அதற்கும் முன்னாலேயே நியூயார்க் மாநிலத்தின் கார்னிங்கில் இதைச் செய்து காட்டியிருந்தார்கள். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. 1974இல் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கென்று ஒரு சீரமைப்பு அமைப்பை நிறுவி நார்மன் மின்ட்ஸ் என்பவரைப் பொறுப்பில் வைத்தார்கள். கடைக்காரர்களுக்குப் பலகை எப்படி இருக்க வேண்டும், முகப்பில் என்ன நிறம் என்று பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்ல ஓர் ஆள். தெருவிலேயே, தினமும். அங்கே அந்த ஊரின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ஆதரவு இருந்தது, உங்களுக்கு அப்படி ஒன்று இருக்காது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கடைக்காரர் கூப்பிட்டால் எடுக்க ஒருவர் வேண்டும். தன்னார்வலர்கள் அந்த நேரம் வேலையில் இருப்பார்கள்.

அதற்காகத் தன்னார்வலர்கள் குறைந்தவர்கள் இல்லை. அவர்களைத் தேய்த்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. முதல் வருடம் இருபது பேர் வருவார்கள், மூன்றாவது வருடம் அதே நான்கு பேர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். "கமிட்டியில் சேருங்கள்" என்று கேட்டால் ஓடுவார்கள். "சனிக்கிழமை 9 முதல் 11 வரை இந்த ஆறு கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும்" என்று கேட்டால் வருவார்கள். தொடக்கமும் முடிவும் தெரிகிற வேலையாகக் கொடுங்கள். கடைக்காரர்களை டிசம்பரில் எந்தப் பொறுப்பிலும் வைக்காதீர்கள். கூட்டம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் போனால் எழுந்து போகலாம் என்று விதி வையுங்கள். காப்பீடு இல்லாமல் யாரையும் ஏணியில் ஏற்றாதீர்கள். உங்கள் குழுவைக் கூட்டாட்சி வரிச் சட்டத்தில் அறப்பணி அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் பதிவு செய்தால் நன்கொடை தருகிறவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். வணிகர் சங்கம் மாதிரி 501(சி)(6) பிரிவில் பதிந்தால் அது கிடைக்காது, அறக்கட்டளைகளும் தயங்கும்.

விழா நடத்தவே கூடாதா என்றால், நடத்துங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து நடத்துங்கள். மக்களுக்குத் தெருவை நினைவூட்டுகிற விழா வேறு, கல்லாவை நிரப்புகிற விற்பனை நாள் வேறு. இரண்டாவது வகைக்கு மேடையும் பாட்டும் வேண்டாம், கதவு திறந்திருந்தால் போதும். வியாழன் மாலை எல்லாக் கடையும் எட்டு மணிவரை என்று ஒப்புக்கொள்ள வைத்தோம், அதுவும் ஆறு கடைகளில் தொடங்கித்தான். பார்க்கிங் பற்றிக் கட்டாயம் புகார் வரும். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய்க் கடை வாசலில் நிற்கிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பாதி கடைக்காரர்களுடையதாகவும் அவர்கள் பணியாளர்களுடையதாகவும் இருக்கும்.

கடைசியாக நடைவீதி. 1959இல் மிச்சிகனின் கலமசூவில் ஒரு தெருவைக் காருக்கு மூடி அமெரிக்காவின் முதல் நடைவீதி மால் ஆக்கினார்கள். திட்டம் போட்டது விக்டர் க்ரூன், சவுத்டேலை வடிவமைத்த அதே ஆள். அதைப் பார்த்து எத்தனையோ ஊர்கள் மூடின, பெரும்பாலானவை பின்னால் திறந்துவிட்டன. கலமசூவே 1998இல் ஒரு பகுதியைக் காருக்குத் திறந்தது. பர்லிங்டன், போல்டர், ஷார்லட்ஸ்வில் போன்றவை நிலைத்தன. மூன்றுமே பல்கலைக்கழக ஊர்கள். காரில்லாமல் நடந்து வருகிற ஆயிரக்கணக்கான பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். உங்கள் தெருவில் அப்படி யாரும் குடியிருக்கவில்லை, மாடிகள் காலி. இப்போது மூடினால் காலியான தெரு இன்னும் காலியாகத்தான் தெரியும்.

இருந்தாலும் உங்கள் குழுவில் இந்த யோசனையைச் சொன்னவரை அடக்கிவிடாதீர்கள். கோடையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் ஒரே ஒரு பிளாக்கை, அதாவது இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதியை, மரத்தடுப்பு வைத்து அடைத்துப் பாருங்கள். நாற்காலி போடுங்கள், வேறொன்றும் வேண்டாம். மறுநாள் காலை அந்த பிளாக்கில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் போய், நேற்றைய கல்லாவை அதற்கு முந்தைய சனிக்கிழமைக் கல்லாவோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். செருப்புக்கடை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.